இன்ச் டேப்போடு கடைக்குப் போங்கள்

இந்த இதழுக்கு வந்ததில் சக்கர நாற்காலி பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதுகுத்தண்டில் அடிபட்டு 19 வருடமாக நாற்காலியில்தான் இருக்கிறேன். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு 71 வயது. பக்கவாதத்தில் வலது கை, கால் விழுந்துவிட்டது. 18 இன்ச் அகல சீட் உள்ள நாற்காலி எல்லாருக்கும் பொருந்தும் என்கிறார் கடைக்காரர். வாங்கிவிடலாமா? (வாசகி, தேனி)

வேண்டாம்மா, அளக்காமல் வாங்காதீர்கள். அப்பாவைப் பலகை பெஞ்சில் நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். இடுப்பின் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல ஒவ்வொரு புத்தகத்தை நிறுத்தி, நடுவே டேப்பைப் பிடியுங்கள். வருகிற அளவோடு ஒரு இன்ச் சேர்த்தால் சீட்டின் அகலம். பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து இரண்டு இன்ச் கழித்தால் சீட்டின் ஆழம். ஆழம் கூடினால் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் குத்தும். குத்தக் குத்த அவர் முன்னால் சறுக்குவார், முதுகு வளைந்துவிடும்.

அப்பாவுக்கு இதைவிட முக்கியம், தரையிலிருந்து சீட்டின் உயரம். இடது கையும் காலும் நன்றாக இருக்கின்றன அல்லவா? இடது கையால் சக்கரத்தைத் தள்ளி, இடது காலால் தரையை இழுத்து, வீட்டுக்குள் அவரே ஓட்டிக்கொள்ளலாம். அதற்குக் குதிகால் தரையில் நன்றாகப் பதிய வேண்டும். கடையில் நிற்கும் நாற்காலிகள் பெரும்பாலும் 19, 20 இன்ச் உயரம். அவருக்கு 17 அல்லது 18 தேவைப்படலாம். மேலே போடும் குஷனின் கனத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள், நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். இடது கால்மிதியைக் கழற்றிவிடுங்கள், வலது இருக்கட்டும். வலது பக்க பிரேக்கில் நீளமான கைப்பிடி மாட்டச் சொன்னால் இடது கையால் எட்டிப் போடுவார். கைத்தாங்கி கழற்றும்படி இருந்தால் கட்டிலுக்கு மாறுவது சுலபம்.

வாசலையும் அளந்துவிடுங்கள். 18 இன்ச் சீட் உள்ள நாற்காலி, சக்கரங்களோடு சேர்த்து 26 இன்ச் வரை வரும். பாத்ரூம் கதவு அதைவிடக் குறுகல் என்றால், சின்னச் சக்கரம் வைத்த கமோடு நாற்காலி ஒன்றைத் தனியாக வாங்குவதுதான் வழி.

தம்பிக்கு 24 வயது. மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. உட்காரும் இடத்தில் தோல் கொஞ்சம் கறுத்திருக்கிறது. காற்றடைத்த வளையம் வாங்கிக் கொடுக்கலாமா? (வாசகர், பண்ருட்டி)

முதலில் அந்த வளைய யோசனையை விட்டுவிடுங்கள். நடுவில் ஓட்டை இருந்தால் புண்ணுக்கு நல்லது என்று தோன்றும். ஆனால் சுற்றியுள்ள தோல் அழுந்தி, நடுப்பகுதிக்கு ரத்தம் வருவதே குறைகிறது.

என் முதல் நாற்காலி 18 இன்ச். என் இடுப்பு 14. கடையில் 'தாராளமாக இருக்கும்' என்றார்கள், நாங்களும் நம்பினோம். தாராளமாக இருந்ததால் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்தேன். எடை முழுக்க இடது பக்க எலும்பில் இறங்கியது. ஆறாவது மாதம் அம்மா துணி மாற்றும்போது ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பைப் பார்த்தார். வலி இல்லை, அதனால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேலே நாணயம் அளவு, உள்ளே குழி. அது ஆற நான்கு மாதம் குப்புறப் படுத்துக் கிடந்தேன்.

அதனால்தான் தம்பியின் கறுப்பைப் படித்ததும் பதறிவிட்டது. 'சிவந்தால் கவனி' என்பார்கள். நம் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது. புறங்கையை வைத்துப் பாருங்கள். அந்த இடம் சுற்றுத் தோலைவிடச் சூடாக, கெட்டியாக, அல்லது கொழகொழவென்று இருந்தால் புண் தொடங்கிவிட்டது. நிறம் பழையபடி திரும்பும்வரை அதன்மேல் உட்காரவே கூடாது. இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆறிய பிறகு குஷன். சிறுசிறு காற்றறைகள் உள்ள ரப்பர் குஷன் அவருக்குப் பொருந்தும், ஆனால் காற்று அளவாக இருக்க வேண்டும். உட்கார்ந்த பிறகு, பின்பக்க எலும்புக்கு நேர் கீழே கையை விட்டுப் பாருங்கள். எலும்புக்கும் அடித்தளத்துக்கும் நடுவே அரை இன்ச் முதல் ஒரு இன்ச் இடைவெளி போதும். கல்போல ஊதிவிட்டால் பலகையில் உட்காருவதும் இதுவும் ஒன்றுதான். விலை கட்டுப்படியாகவில்லை என்றால், சரியான அளவில் வெட்டிய நல்ல ஃபோம் குஷன் வாங்குங்கள். அழுந்தித் தட்டையானதும் மாற்றிவிட வேண்டும். எந்தக் குஷனானாலும் அரை மணிக்கு ஒரு தடவை, முழங்கால்மேல் முழங்கையை ஊன்றி முன்னால் குனிந்து இரண்டு நிமிடம் இருக்கச் சொல்லுங்கள். நான் செல்போனில் அலாரம் வைத்திருக்கிறேன்.

பேட்டரி நாற்காலிக்கு அரசில் எங்கே மனு கொடுப்பது? (வாசகர், அரியலூர்)

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில். மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி. எடுத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். கைகளில் நல்ல பலம் இருந்தால் பேட்டரிக்கு அவசரப்பட வேண்டாம். எடை குறைந்த, அளவெடுத்துச் செய்த கை நாற்காலி உங்களுக்கு இன்னும் சுதந்திரம் தரும். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான நியோஃப்ளை அப்படிப்பட்டது. வெளியே தூரம் போக அதன் முன்னால் மோட்டார் வண்டிபோல ஒன்றை மாட்டிக்கொள்ளலாம், அதன் பெயர் நியோபோல்ட்.

மகளுக்கு 6 வயது, மூளை முடக்குவாதம். வளர்கிற பிள்ளை, பெரிய நாற்காலியாக வாங்கு என்கிறார் மாமியார். (வாசகி, நாகர்கோவில்)

மாமியார் காசு வீணாகக் கூடாதென்று சொல்கிறார், அதில் தப்பில்லை. ஆனால் பாவாடை தைக்கும்போது என்ன செய்வோம்? இடுப்புக்குச் சரியாகத் தைத்து, கீழே டக் பிடித்து, வருடா வருடம் பிரித்துவிடுவோம். நாற்காலியும் அப்படித்தான் வேண்டும்: இன்றைக்குப் பொருந்தி, சீட்டின் ஆழத்தையும் கால்மிதியையும் பிறகு நீட்டும்படி. பெரிய நாற்காலியில் குழந்தை ஒரு பக்கமாகச் சரிவாள், கால் தொங்கும், உடம்பு இன்னும் விறைக்கும். இடுப்பு சீட்டின் பின்னால் ஒட்டி, இடுப்புப் பட்டை போட்டு, பாதம் இரண்டும் மிதியில் பதிந்து இருக்கட்டும். கழுத்து நிற்கவில்லை என்றால் தலைத்தாங்கியும், முழுச் சீட்டும் பின்னால் சாயும் அமைப்பும் தேவைப்படும். இயன்முறை மருத்துவரை அழைத்துப் போய், குழந்தையை அதில் அரை மணி நேரமாவது உட்கார வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். முன்னால் மாட்டும் தட்டு ஒன்றும் கேளுங்கள். சோற்றுக் கிண்ணமும் வரைகிற நோட்டும் வைக்க அவளுக்கென்று ஓர் இடம் கிடைக்கும்.