கார்த்தஹேனாவுக்கு ஒருநாள் போதுமா?

கேள்வி: கொலம்பியா டூர் போறோம் சார், கார்த்தஹேனா துறைமுக ஊருக்கு ஒருநாள் பத்துமா?

பதில்: பத்தாதும்மா, ரெண்டு நாளாவது வைங்க. 1533ல ஸ்பெயின்காரங்க உண்டாக்கின ஊரு, கடல்கொள்ளைக்காரன் பயத்துல சுத்தி மதில் எழுப்பினாங்க, சாயங்காலம் அது மேலயே காத்து வாங்கிட்டு நடக்கலாம். சான் ஃபெலிப்பே கோட்டைக்கு மட்டும் காலைலயே போயிடுங்க, பத்து மணிக்கு மேல வெயில் மண்டையப் பொளக்கும், உள்ள சுரங்கப்பாதைல எவனாவது நடந்தா தூரத்துலயே சத்தம் கேக்கும். 1741ல இங்கிலாந்துக்காரன் பெரும்படையோட வந்தும் ஊரைப் பிடிக்க முடியல, காத்த தளபதி பிளாஸ் டி லெசோவுக்கு ஒரு கண்ணும் ஒரு காலும் கிடையாது! தெருவுல கலர் டிரெஸ்ல பழக்கூடையோட நிக்கிற அம்மாக்கள போட்டோ எடுக்குறதுன்னா முதல்லயே காசு பேசிக்குங்க. கெத்செமானிங்கற பழைய பேட்டைப் பக்கம் போனா அரேப்பா தே உவேவோ சாப்பிடுங்க, சோளமாவு வடை மாதிரி, பொரிச்சு, கீறி, முட்டைய உள்ள ஊத்தி, மறுபடி எண்ணெய்ல போடுவாங்க. சூடா கடிச்சா நாக்கு போயிடும், மெதுவா.