டிஸ்க்கை அளந்து பார்த்தீர்களா?

கராஜ் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் பழைய டொயோட்டா கொரோலா இருக்கிறது. ஏ9 வீதியில் கட்டாக்காலி மாடுகளுக்காகச் சடுதியாகப் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் கையில் உதறியது. ஒரு கராஜில் “டிஸ்க் வளைந்துவிட்டது” என்று சொல்லி முன் டிஸ்க் இரண்டையும் பேட்களையும் மாற்றினார்கள். சில மாதங்களில் மறுபடியும் அதே உதறல். இன்னொரு முறை டிஸ்க் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கட்டுமா ஐயா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள் தம்பி. பழைய டிஸ்க்கை எந்தக் கருவியால் அளந்தார்கள் என்று முதலில் கேளுங்கள். கண்ணால்தான் என்றால் வேறு கராஜ் பாருங்கள்.

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு; பிரேக் பிடிக்கும்போது அதை இரு பக்கமும் கவ்வும் கட்டைகள்தான் பேட். அந்தத் தட்டு அவ்வளவு இலகுவில் வளையாது. புது டிஸ்க் போட்ட அன்றைக்கு உதறாத கார், மாதங்கள் கழித்து உதறுகிறது. அதுதான் எனக்குத் துப்பு. பெரும்பாலும் நடப்பது இது: டிஸ்க் போய் உட்காரும் ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) முகத்தில் துரு படிந்திருக்கும். அதைத் துடைக்காமல் மேலேயே புது டிஸ்க்கை மாட்டிவிடுவார்கள். டிஸ்க் ஒரு மயிரிழை சரிந்து உட்காரும். சுழலும்போது டிஸ்க் பக்கவாட்டில் ஆடுவதற்குப் பல கார்களில் விடப்பட்டிருக்கும் எல்லை 0.05 மில்லிமீற்றர் அளவுதான். நாம் எழுதும் வெள்ளைத் தாளின் தடிப்பே ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர். தாளில் பாதி!

அப்படி ஆடும் டிஸ்க், நீங்கள் பிரேக்கை மிதிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேட்டை உரசிக்கொண்டு ஓடும். சில ஆயிரம் கிலோமீற்றர் ஓடியதும் அந்த இடம் மட்டும் மெலிந்துவிடும். தடிப்பு ஏறி இறங்கும் டிஸ்க்கைப் பேட் கவ்வும்போது பேட்டைத் தள்ளும் பிஸ்டன் முன்னும் பின்னும் தள்ளப்பட்டு, உதறல் பெடலுக்கும் ஸ்டியரிங்குக்கும் வந்து சேரும். ஹப்பை அப்படியே விட்டுவிட்டு எத்தனை டிஸ்க் மாற்றினாலும் இதுதான் கதி.

டிஸ்க்கைக் கழற்றச் சொல்லுங்கள். இறுகியிருந்தால் சுத்தியலால் அடிக்க விடாதீர்கள், அடி வீல் பெயரிங்கில் இறங்கும். பல ஜப்பானியக் கார்களின் டிஸ்க்கில் மரை போட்ட இரண்டு சிறு துளைகள் இருக்கும். அவற்றில் 8 மில்லிமீற்றர் போல்ட்டுகளை மாறி மாறி முறுக்கினால் டிஸ்க் தானாகவே வெளியே வரும். பிறகு ஹப்பைக் கம்பித் தூரிகையாலும் அரத்தாளாலும் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். வீல் போல்ட்டுகளின் அடியைச் சுற்றித்தான் துரு ஒளிந்திருக்கும், அங்கே கவனம். மாட்டியபின், நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஆட்டம் கூடுதலென்றால் டிஸ்க்கை அடுத்த துளைக்குத் திருப்பி மாட்டிப் பார்த்தாலே சில வேளை சரியாகிவிடும்.

மெலிந்த டிஸ்க்கை லேத்தில் கடைந்து சமப்படுத்தலாம், தடிப்பு மிச்சம் இருந்தால். டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ குறைந்தபட்சத் தடிப்பு பொறிக்கப்பட்டிருக்கும். புதிதில் 22 மில்லிமீற்றர் இருந்த டிஸ்க்கில் 20 என்று பொறித்திருந்தால், கடைந்து முடித்த பிறகும் 20க்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய இரும்புக்காரருக்குக் கொடுங்கள்.

இன்னொன்று. பஞ்சர் ஒட்டும் இடத்தில் காற்றுத் துப்பாக்கியால் வீல் நட்டை ‘டர்ர்’ என்று முடுக்கி அனுப்புகிறார்களே, அதுவும் டிஸ்க்கைக் கோணலாக இறுக்கும். நட்டுகளை எதிரெதிராக, அளவு காட்டும் முடுக்கியால் இறுக்க வேண்டும். பல டொயோட்டா கார்களுக்கு அது 103 நியூட்டன் மீற்றர். முடுக்கியின் மேல் ஏறி நின்று குதிப்பது கணக்கில் வராது.

கேள்வி: வெளிநாட்டிலுள்ள அண்ணாவின் கார் மாரி முழுவதும் முற்றத்தில் நின்றது. டிஸ்க்குகள் செங்கல் நிறமாகிவிட்டன. பக்கத்து வீட்டு மாமா ஒயில் பூசச் சொல்கிறார்.
– வாசகி, முல்லைத்தீவு

பதில்: ஐயோ தங்கச்சி, மாமாவிடம் ஒயில் போத்தலை வாங்கி வைத்துவிடுங்கள்! ஒயில் பட்ட பேட் பிறகு பிடிக்காது, அதை எறியத்தான் வேண்டும். மேலால் படிந்த துரு, மெதுவாக ஓட்டிப் பல முறை பிரேக் பிடித்தாலே உரசிப் போய்விடும். அதற்குப் பிறகும் குழிகள் தெரிந்தாலோ உரசும் சத்தம் நிற்காவிட்டாலோ கழற்றிப் பார்க்க வேண்டும். கடற்காற்று படும் ஊரில் பேட்களைத் தாங்கும் கலிப்பர் என்ற பாகம் வழுக்கும் ஊசிகளும் இறுகியிருக்கும். அவற்றுக்கு பிரேக்குக்கென்றே விற்கும் கிறீஸ் போட வேண்டும். சாதாரண கிறீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும். நெடுநாள் நிறுத்தும்போது சமதரையில் கியரில் விட்டு, டயருக்குக் கட்டை வையுங்கள். ஹாண்ட் பிரேக்கை இழுத்து வைத்தால் அது அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: டொயோட்டா அக்குவா ஹைபிரிட் காருக்கு டிஸ்க்கும் பேட்டும் வீட்டிலேயே மாற்றலாமா? வீடியோ பார்த்தேன்.
– வாசகர், மல்லாவி

பதில்: சாதாரணக் கார் என்றால் “சரி, செய்யுங்கள்” என்பேன். ஹைபிரிட் வேண்டாம். பல டொயோட்டா ஹைபிரிட்டுகளில் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் விழித்துக்கொள்ளும். கலிப்பர் கழன்றிருக்கும் நேரத்தில் அழுத்தம் வந்தால் பிஸ்டன் வெளியே தள்ளும், கை நசியும். பம்ப்பை விழிக்க விடாமல் வேலை செய்யும் முறை தெரிந்தவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள். கலிப்பரைக் குழாயில் தொங்க விடாமல் கம்பியால் கட்டுகிறாரா, புது டிஸ்க்கில் பூசியிருக்கும் துருத்தடுப்பு எண்ணெயைக் கழுவுகிறாரா, கார் அசைவதற்கு முன் பெடலை இறுகும்வரை மிதிக்கிறாரா என்று கவனியுங்கள். பிறகு மாங்குளம் வீதியில், மாடுகள் இல்லாத நேரமாக, 50இலிருந்து 10 கிலோமீற்றர் வேகம்வரை இடைவெளி விட்டு ஒரு பத்து முறை அளவாகப் பிரேக் பிடியுங்கள். சூடாக இருக்கும்போது முற்றாக நிறுத்திப் பெடலில் காலை வைத்திருக்காதீர்கள், பேட்டின் அச்சு டிஸ்க்கில் பதியும்.

கேள்வி: பாவித்த ஜப்பான் டிஸ்க் வாங்கலாமா? மைக்ரோமீற்றர் இல்லாமல் எப்படி அளப்பது?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: இரண்டு பக்கமும் சோடியாகக் கிடைத்து, தடிப்பும் இருந்தால் வாங்கலாம். 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு பலரும் அப்படித்தான் காரை ஓட வைத்தார்கள். வேர்னியர் அளவுகோலை நேராக வைத்தால் தேயாத விளிம்பைத்தான் அது அளக்கும், தடிப்பைக் கூட்டிச் சொல்லும். டிஸ்க்கின் இரு பக்கமும், பேட் உரசிய இடத்தில், ஒவ்வொரு நாணயத்தை வைத்து அளந்து, நாணயங்களின் தடிப்பைக் கழித்துவிடுங்கள்.