கேட்டதும் சொன்னதும்: தண்ணீர் நனையுமா?

கேள்வி: தண்ணீர் மற்றதைத்தான் நனைக்கும், அது எப்படி நனையும் என்கிறாள் அக்கா. ஈரம் இல்லாமல் ஏதுடா தண்ணீர் என்கிறார் அப்பத்தா. யார் சொல்வது சரி? (ஒன்பதாம் வகுப்பு மாணவர், காரைக்குடி)

பதில்: தம்பி, இதில் பாதி வார்த்தைச் சண்டைதான். இயற்பியல்காரர்கள் நனைதல் என்று சொல்வது, ஒரு திரவம் ஒரு பரப்பின்மேல் ஒட்டிப் பரவுவதை. அந்தக் கணக்கில் நான் உன் அக்கா பக்கம்.

தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். எதிரே இருக்கும் பொருளும் அவற்றைத் தன் பக்கம் இழுக்கும். சுத்தமான கண்ணாடியில் பொருளின் கை ஓங்குகிறது, அதனால் தண்ணீர் படர்ந்துவிடுகிறது. தாமரை இலையில் கதை வேறு. அதன்மேல் மெழுகு பூசிய, கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி மேடுகள், இடையில் காற்று. கயிற்றுக் கட்டிலில் படுத்தவர் கயிற்றில் மட்டும் படுகிறாரே, அப்படி அந்த மேடுகளின் நுனியில் மட்டும் பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது துளி; லேசாகச் சாய்த்தால் தூசியையும் கூட்டிக்கொண்டு உருண்டுவிடும். ஊருணிப் பக்கம் போனால், கரையோரமாக நின்று ஓர் இலையைத் தண்ணீருக்குள் அழுத்திப் பார். உள்ளே வெள்ளித் தகடு மாதிரி மினுங்கும், அது இலையோடு ஒட்டிய காற்று. வெளியே எடுத்தால் இலை காய்ந்தபடியே இருக்கும். குளத்திலேயே குடியிருந்தும் நனையாத இலை!

பாதரசத்தைப் பார். அதுவும் திரவம்தான், ஆனால் கண்ணாடியை நனைக்காது, உருண்டை உருண்டையாக ஓடும். அதே பாதரசம் தங்கத்தில் பட்டால் கப்பென்று பிடித்துப் படர்ந்து, மோதிரத்தையே வெள்ளையாக்கிவிடும். (செய்து பார்க்காதே, பாதரசம் விஷம்.) ஆக, ஈரம் என்பது கல்யாணம் மாதிரி, இரண்டு பேர் வேண்டும். அப்பத்தாவிடம் இதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நேரம் பார்த்துச் சொல்.

கேள்வி: எங்கள் வளவில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறது. ஈரத்துணியால் துடைத்ததும் சிவப்பும் பச்சையும் பளிச்சென்று எழும்புகிறது, காய்ந்தால் மங்கிவிடுகிறது. தண்ணீருக்குத்தான் நிறமே கிடையாதே? (வாசகி, பள்ளத்தூர்)

பதில்: ஆச்சி, ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி வார்க்கிறார்கள், அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லுக்கு வருகிறது. வருஷக்கணக்காக நடக்க நடக்க மேலே நுண்ணிய பள்ளங்கள் விழுந்துவிடும். காய்ந்திருக்கும்போது பள்ளத்துக்குள் இருப்பது காற்று. ஒளியை வளைக்கும் திறனில் காற்று 1 என்றால் சிமெண்ட் கிட்டத்தட்ட 1.5. இவ்வளவு வித்தியாசம் இருப்பதால் ஒளி மேற்பரப்பிலேயே நாலா பக்கமும் சிதறி, வெளுத்த ஒளியாக நிறத்தோடு கலந்துவிடுகிறது. தண்ணீர் 1.33. அது பள்ளத்தை நிரப்பியதும் சிதறல் குறைந்து ஒளி உள்ளே இறங்குகிறது, சாயத்தில் பட்டுத் திரும்பும் நிறம் மட்டும் உங்கள் கண்ணுக்கு வருகிறது. கண்டாங்கிச் சேலையில் தண்ணீர் தெறித்த இடம் கருத்துத் தெரிவதும் இதனால்தான்.

தேங்காய் எண்ணெய் சுமார் 1.45, கல்லுக்கு இன்னும் நெருக்கம், தண்ணீர் மாதிரி காய்ந்தும் போகாது. பழைய வீடுகளில் துடைக்கிற தண்ணீரில் சில சொட்டு விடுவது சும்மா இல்லை. சில சொட்டுதான், கை தாராளமானால் விருந்தாளி வழுக்கி விழுவார்.

கேள்வி: புதுத் துண்டு தண்ணீரை உறிஞ்சாமல் உடம்பெல்லாம் தள்ளிக்கொண்டே போகிறது. பருத்தி என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்களா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: பெரும்பாலும் பருத்தியாகவே இருக்கும். கடையில் தொட்டால் பட்டுப்போல இருக்க வேண்டும் என்று நூலின்மேல் ஒரு பூச்சு கொடுத்துவிடுகிறார்கள், தாமரை இலையின் மெழுகு செய்கிற வேலையை அது இங்கே செய்கிறது. இரண்டு மூன்று தடவை வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுத் துவையுங்கள். துணியை மெத்தென்று ஆக்கும் திரவம் எதையும் சேர்க்காதீர்கள், அதுவும் பூச்சுதான். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், முத்தாக நின்றால் இன்னொரு தடவை. எங்கள் வீட்டுத் துண்டு ஒன்று நாலாவது வெளுப்புக்குப் பிறகுதான் வழிக்கு வந்தது, அதற்குள் அதன் சாயம் பாதி போயிருந்தது.