வீடே இல்லாமல் போன பிறகு அதன் பழைய படங்களைச் சேர்ப்பதில் பயன் உண்டா?

"எங்கள் பூர்வீக வீடு இடிந்துவிட்டது. சொந்தக்காரரிடம் கிடக்கும் பழைய படங்களைச் சேர்த்தால் ஊர் வரலாற்றுக்கு உதவுமா, எப்படிச் சேர்ப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். உதவும். இரண்டு வருடமாக நான் செய்துகொண்டிருப்பது அதுதான்.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்தில், வலிகாமம் வடக்கில் இருந்தது. 1990இல் ஊரோடு இடம்பெயர்ந்தோம். எனக்கு அப்போது ஏழு வயது. பிறகு அந்தப் பகுதி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்துக் காணி விடுபட்டபோது போய்ப் பார்த்தால் ஒரே பற்றை. கிணறு மட்டும் இருந்தது. அதை அடையாளமாக வைத்துத்தான் மாமா தலைவாசல் எங்கே, அடுக்களை எங்கே என்று நடந்து காட்டினார்.

வீட்டை மட்டும் எடுத்த படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. படக்காரரைக் கூப்பிட்டது கலியாணத்துக்கும் சாமத்திய வீட்டுக்கும் (பெண் பிள்ளை பெரியவளாகும் சடங்குக்கும்) தானே. ஆனால் அந்தப் படங்களில் ஆட்களுக்குப் பின்னால் வீடு நிற்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் 1974 கலியாணப் படத்தில் நாற்சார் வீட்டின் (முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய வீடு) நடுமுற்றமும் மூன்று மரத்தூண்களும் தெரிகின்றன. சின்னம்மாவின் சாமத்தியப் படத்தில் நாலாவது தூண். மாமா சைக்கிளோடு நிற்கும் ஒரு படத்தின் ஓரத்தில், கிடுகு வேலிக்கு நடுவே சங்கடப்படலை! வழியால் போகிறவர்கள் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கக் கூரை போட்டுக் கட்டிய படலை அது. இன்றைக்கு அதைப் பார்க்கவே ஊர் ஊராய்த் தேட வேண்டும். அதனால் படத்தை ஸ்கான் செய்யும்போது ஓரங்களை வெட்டாதீர்கள். எங்களுக்கு வேண்டியது முழுக்க ஓரத்தில்தான் இருந்தது.

படத்தைக் காட்டிப் பெரியவர்களைப் பேசவிட்டுக் குரலைப் பதிவு செய்யுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். பெரியம்மா வீடியோ அழைப்பில் தூணைப் பார்த்ததும், "இது கிழக்குத் தூண் பிள்ளை. இதிலைதான் அப்பு சாய்ஞ்சிருந்து சுருட்டுப் பத்துறவர்" என்றார். அந்த ஒரு வசனத்தால் படத்துக்குத் திசை கிடைத்தது. அதை வைத்து வீட்டின் வரைபடம் கீறினேன். மாமா பார்த்துவிட்டு இரண்டு அறையை இடம் மாற்றினார், பெரியம்மா ஒன்றைத் திரும்பவும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். இரண்டு பேர் சொன்னதையும் பெயரும் திகதியும் போட்டு அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

கிணற்றடியில் மாமா பொறுக்கிய ஓட்டுத் துண்டில் பாசல் மிஷன் முத்திரையின் பாதி இருந்தது. 1865இல் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கிய சுவிஸ் நாட்டுக் கிறிஸ்தவ மிஷன் அது. முதல் உலகப் போரை ஒட்டி ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் கைக்கு மாறின. எங்கள் கூரைக்கு ஓடு கடல் கடந்து வந்தது என்பதற்கு அந்தத் துண்டு சாட்சி. அதையும் அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துச் சேர்த்துவிட்டேன்.

ஸ்கான் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) செய்தால் போதும். படத்தின் பின்புறத்தையும் செய்யுங்கள், ஸ்டூடியோ முத்திரையும் கையெழுத்தும் அங்கேதான் இருக்கும். பசை அல்பத்தில் ஒட்டிப்போன படத்தை உரிக்காமல், அல்பத்தோடு சேர்த்தே கமராவில் எடுத்துவிடுங்கள்.

பிரதிகளை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அதில் அடக்கம். எங்கள் படங்கள் மூன்று நாட்டில், மூன்று வீட்டில் இருக்கின்றன. ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்து வைக்க 2005 முதல் இயங்கும் 'நூலகம்' நிறுவனத்தின் ஆவணகத்தில் இப்படியான படங்களும் சேர்கின்றன. குடும்பத்தில் எல்லோரும் சம்மதித்தால் எங்களுடையதையும் கொடுப்பேன்.

அடுக்களைக்கு மட்டும் இன்னும் ஒரு படமும் கிடைக்கவில்லை. அம்மம்மா நாள் முழுக்க நின்ற இடம். பாரிஸ் மாமியின் அல்பம் இன்னும் பார்க்காமல் இருக்கிறது, அடுத்த மாதம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.