ஃபிரேமை யாரும் அராவவில்லை

நண்பரே, உங்கள் பழைய ஸ்மித் அண்ட் வெசன் ஒற்றைத் தோட்டா கைத்துப்பாக்கியில் ஃபிரேமின் (துப்பாக்கியின் உடற்சட்டம்) இருபக்கப் புடைப்பையும் யாரோ அராவிவிட்டதாகப் பயப்படுகிறீர்கள். கவலை வேண்டாம், தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வந்திருக்கிறது.

நீங்கள் ஒப்பிட்டுப் பார்த்தது முதல் மாடலான 1891 மாடல். அது .38 (தோட்டா அளவு) ரிவால்வரின் ஃபிரேமிலேயே செய்தது. குழலைக் கழற்றிவிட்டு .38 குழலும் சிலிண்டரும் (தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளை) மாட்டினால் ரிவால்வர் ஆகிவிடும். சிலிண்டரில் இருக்கும் தோட்டாக்கள் பின்னால் நழுவாமல் தாங்கத்தான் அந்தப் புடைப்பு. 1905இல் வந்த இரண்டாம் மாடலில் இந்த மாற்று வசதியையே எடுத்துவிட்டார்கள். சிலிண்டரே கிடையாது என்றானபின் புடைப்பு எதற்கு? பக்கங்கள் தட்டையாகிவிட்டன. .22, 10 அங்குலக் குழல் என்று நீங்கள் சொல்வதும் பொருந்துகிறது.

உங்களுடையது இரண்டாம் மாடலா, அதற்கடுத்ததா என்று தெரிய இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். உள்ளே தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, சுத்தியலைக் கையால் இழுக்காமல் விசையை மட்டும் மெதுவாக அழுத்துங்கள். சுத்தியல் தானாக எழுந்தால் அது 1909இல் வந்த மூன்றாம் மாடல். எழும்போது கட்டைவிரலால் தாங்கிக்கொள்ளுங்கள்; .22இல் தோட்டா இல்லாமல் வெறுமனே அடித்தால், தோட்டாவை அடிக்கும் ஊசி அறையின் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) விளிம்பைக் கெடுத்துவிடும்.

அப்புறம், மூன்றாம் மாடலில் சிலவற்றுக்கு அறை குட்டை. தோட்டாவை விரலால் அழுத்தித்தான் உள்ளே தள்ள வேண்டும், குண்டின் முனை வரிப்பள்ளத்தில் (குழலின் உட்புறத்தில் இருக்கும் திருகு வரிகள்) பதியும். துல்லியத்துக்காகச் செய்தது அது. பழுது என்று சொல்லி யாரையும் அறையைக் குடைய விட்டுவிடாதீர்கள்.