புருசெல்ஸ்ல இருக்கிற தொழிலாளர் பிரதிநிதிக்கு எழுதினா என் வேலை திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: அண்ணா வணக்கம். பெர்லின்ல மாஸ்டர்ஸ் படிக்கிறேன், பார்ட் டைமா சைக்கிள்ல சாப்பாடு டெலிவரி பண்ணிட்டிருந்தேன், கான்ட்ராக்ட் போட்ட வேலைதான். எட்டு நாள் முன்னாடி ஷிப்டுக்குக் கிளம்பும்போது ஆப்பைத் திறந்தா அக்கவுண்ட் லாக். 'உங்கள் ஒப்பந்தம் முடிந்தது'ன்னு ஒரு இமெயில், காரணம் ஒண்ணும் போடல, போன் பண்ணா எடுக்க ஆளே இல்ல. கூட ஓட்டுற பையன் யூனியன் மீட்டிங்குக்கு கூட்டிட்டுப் போனான். அங்க ஒரு அம்மா, 'புருசெல்ஸ் கமிட்டியில எங்க ஆள் இருக்கார், ஐரோப்பாவுக்கே சட்டம் போடுற இடம், உன் அனுபவத்தை எழுதிக் குடு'ன்னாங்க. அது என்ன கமிட்டி? எழுதினா வேலை திரும்பக் கிடைக்குமா? யூனியன் பக்கம் போனா விசாவுக்கு ஆபத்தா?

பதில்:

தம்பி, அந்த அம்மா நல்ல மனசோட சொல்லியிருக்காங்க, ஆனா பாதிதான் சரி. அது சட்டம் போடுற இடம் இல்ல, சட்டத்துக்கு யோசனை சொல்ற இடம். எழுதிக் குடுங்க, ஆனா இன்னைக்கு இல்ல. முதல்ல உங்க காலெண்டரைப் பாருங்க, எட்டு நாள் போயிடுச்சு, உங்க கையில இருக்கிறது இன்னும் பதிமூணு நாள்.

ஏன்னா ஜெர்மனியில வேலையை விட்டுத் தூக்கினா, தூக்கின லெட்டர் கைக்கு வந்ததுல இருந்து மூணு வாரத்துக்குள்ள லேபர் கோர்ட்ல கேஸ் போடணும், விட்டா அந்த நீக்கம் சரிதான்னு ஆயிடும். உங்களுக்கு சாதகமா ஒண்ணு இருக்கு, இங்க வேலை நீக்கம்னா கையெழுத்துப் போட்ட பேப்பர்ல வரணும், இமெயில், வாட்ஸ்அப், ஆப் மெசேஜ் எதுவும் செல்லாது. அப்போ கெடுவே ஆரம்பிக்கலன்னு வாதாடலாம், ஆனா அந்த வாதத்தை நம்பி சும்மா உக்காந்துடாதீங்க. கோர்ட்டுக்குப் போக வக்கீல் கட்டாயம் இல்ல, முதல் கட்டத்துல நீங்களே போகலாம், வாயால சொன்னாலே மனுவா எழுதித் தர்ற கவுண்டர் ஒண்ணு கோர்ட்டுக்குள்ளயே இருக்கு. ஃபேர் இன்டெக்ரேஷன்னு ஒரு ஆலோசனை மையம், ஐரோப்பிய யூனியனுக்கு வெளிய இருந்து வந்தவங்களுக்காகவே நடத்துறாங்க, இலவசம். இன்னைக்கே அங்க ஒரு மெயில் போடுங்க.

விசா பயத்தையும் முடிச்சுடுவோம். யூனியன்ல சேர்ற உரிமை ஜெர்மன் அரசியலமைப்போட 9-ஆவது பிரிவுல இருக்கு, அது 'ஜெர்மன்காரங்களுக்கு'ன்னு சொல்லல, எல்லாருக்கும்னு சொல்லுது. யூனியன்ல சேர்ந்ததுக்காக, லேபர் கோர்ட் போனதுக்காக ஸ்டூடண்ட் விசாவை யாரும் பிடுங்க முடியாது. நிஜ ஆபத்து வேற இடத்துல இருக்கு. இந்த வேலை போன அவசரத்துல வேற ஏதாவது ஆப்ல 'சுயதொழில்'னு கையெழுத்துப் போட்டீங்கன்னா, ஸ்டூடண்ட் விசாவுல அதுக்குத் தனி அனுமதி வேணும், அங்கதான் நம்ம பசங்க நிறைய பேர் மாட்டுறாங்க.

சரி, இப்போ புருசெல்ஸ்.

அந்த கமிட்டியோட பேர் ஐரோப்பிய பொருளாதார சமூகக் கமிட்டி. 1957 ரோம் ஒப்பந்தத்துலயே உண்டாக்கினது, ஐரோப்பிய பார்லிமென்டுக்கு மக்கள் நேரா ஓட்டுப் போட ஆரம்பிச்சது 1979-ல, அதைவிட இது இருபது வருஷத்துக்கு மேல மூத்தது. மொத்தம் 329 மெம்பர், ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலிக்கு ஆளுக்கு 24 சீட், மால்டா மாதிரி குட்டி நாட்டுக்கு 5. மூணு குரூப்பா உக்காருவாங்க: முதலாளிங்க, தொழிலாளிங்க, அப்புறம் விவசாயி சங்கம், நுகர்வோர் அமைப்பு மாதிரி மத்தவங்க. தொழிலாளர் குரூப்ல இருக்கிறவங்க பெரும்பாலும் அந்தந்த நாட்டு யூனியன்ல இருந்து வந்தவங்க, ஜெர்மனியில டிஜிபி வழியா. டிஜிபின்னதும் பதறாதீங்க, இது போலீஸ் டிஜிபி இல்ல, இங்க யூனியன்களோட கூட்டமைப்புக்கு அதான் பேரு. நாட்டு அரசாங்கம் பேர் குடுக்கும், அமைச்சர்கள் கவுன்சில் அஞ்சு வருஷத்துக்கு நியமிக்கும். இதுக்கு சம்பளம் கிடையாது, பயணப்படி, நாள்படி மட்டும்தான், அதனால எல்லாரும் ஊர்ல வேற வேலை பார்த்துக்கிட்டே புருசெல்ஸ் போயிட்டு வர்றவங்க. மெயிலுக்கு பதில் லேட்டா வந்தா கோவிச்சுக்காதீங்க.

இவங்க செய்றது ஒண்ணே ஒண்ணுதான், கருத்துரை எழுதுறது. சில விஷயத்துல சட்டம் கொண்டு வரும்போது இந்த கமிட்டியைக் கேட்டே ஆகணும்னு ஒப்பந்தத்துல இருக்கு, தொழிலாளர் சமூகக் கொள்கை அதுல முக்கியமானது. ஆனா கேக்கணுமே தவிர கேட்டபடி நடக்கணும்னு இல்ல. யாரும் கேக்காமலே இவங்களா எடுத்து எழுதுறதும் உண்டு. எப்படி எழுதுறாங்கன்னா, ஒரு மெம்பரைப் பொறுப்பாளரா போடுவாங்க, அவர் கூட மூணு குரூப்ல இருந்தும் ஆள் சேர்ந்து ஒரு சின்னக் குழு, அவங்க விஷயம் தெரிஞ்சவங்களைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க, சில சமயம் பொது விசாரணையே வைப்பாங்க, அப்புறம் துறைக்குழுவுல ஓட்டு, அப்புறம் மொத்தக் கூட்டத்துல ஓட்டு, கடைசியா ஐரோப்பிய யூனியனோட 24 மொழியிலயும் அரசிதழ்ல வரும். ஒரே மேஜையில முதலாளியும் தொழிலாளியும் உக்காந்து எழுதுறதால சில கருத்துரை உப்புச்சப்பில்லாம இருக்கும், இருதரப்பும் திருத்தித் திருத்தி காரம் போயிடும், அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா முதலாளி குரூப்பும் சேர்ந்து கை தூக்கின ஒரு வரின்னா அதை ஐரோப்பிய கமிஷன் (ஐரோப்பிய யூனியனுக்கு சட்ட மசோதா எழுதுற அமைப்பு) ஆளுங்க சுலபமா ஓரங்கட்ட முடியாது.

இதோட இன்னொண்ணை குழப்பிக்காதீங்க, மீட்டிங்ல அந்த அம்மா குழப்பினதும் இதைத்தான்னு நினைக்கிறேன். ஐரோப்பிய யூனியன்கள் கூட்டமைப்புன்னு தனியா ஒண்ணு இருக்கு, 1973-ல ஆரம்பிச்சது. கமிஷன் தொழிலாளர் விஷயத்துல சட்டம் யோசிச்சா, மசோதா எழுதுறதுக்கு முன்னாடியே இவங்களையும் முதலாளி அமைப்புகளையும் ரெண்டு தடவை கேட்கணும், ரெண்டு பேரும் 'நாங்களே பேசி முடிச்சுக்கிறோம்'னா ஒப்பந்தம் போடலாம், அது டைரக்டிவாவே (ஒவ்வொரு நாடும் உள்நாட்டு சட்டமா மாத்திக்க வேண்டிய ஐரோப்பிய சட்டம்) ஆகலாம். பெற்றோர் விடுப்பு 1995, பார்ட் டைம் வேலை 1997, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் போடுற கான்ட்ராக்ட் 1999, மூணும் இப்படி வந்ததுதான். அது பேரம் பேசுற மேஜை, கமிட்டி யோசனை சொல்ற மேஜை. உங்க விஷயம் ரெண்டையும் தொட்டுட்டுப் போயிருக்கு.

எப்படின்னா, ஆப் வழியா வேலை பாக்குறவங்களைப் பத்தி 2021-ல கமிஷன் ரெண்டு தரப்பையும் ரெண்டு சுற்று கேட்டுச்சு, பேச்சுவார்த்தை தொடங்கவே இல்ல, சரின்னு 2021 டிசம்பர்ல கமிஷனே மசோதா கொண்டு வந்துச்சு, 2022-ல நம்ம கமிட்டி கருத்துரை குடுத்துச்சு, அதுக்கப்புறம் பார்லிமென்ட், கவுன்சில்னு இழுபறி, 2024 பிப்ரவரியில செத்தே போச்சுன்னு எல்லாரும் கையை விரிச்ச நேரத்துல மார்ச் 11-ஆம் தேதி எஸ்டோனியாவும் கிரீஸும் பக்கம் மாற, அமைச்சர்கள் கூட்டத்துல தப்பிச்சுது. ஜெர்மனி கடைசி வரைக்கும் ஓட்டே போடாம ஒதுங்கி நின்னுச்சு, அதையும் சொல்லணும். டைரக்டிவ் நம்பர் 2024/2831, ஒவ்வொரு நாடும் 2026 டிசம்பர் 2-க்குள்ள உள்நாட்டு சட்டமா மாத்தணும்னு கெடு.

அதுல உங்க கதை அப்படியே இருக்கு. அக்கவுண்டை முடக்குறது, வேலையை விட்டு எடுக்கிறது மாதிரி முடிவை மெஷின் எடுக்கக் கூடாது, மனுஷன் எடுக்கணும். காரணத்தை எழுத்துல குடுக்கணும், முடிவு அமலுக்கு வர்ற நாளைத் தாண்டக் கூடாது. மறுபடி பாருங்கன்னு கேட்டா ரெண்டு வாரத்துல பதில் சொல்லணும், பேசுறதுக்கு ஒரு ஆளைக் காட்டணும். ஆனா டைரக்டிவ்ங்கறது அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் கம்பெனி மேல நேரா பாயாது, உள்நாட்டு சட்டம் வந்தாதான் உங்க கைக்கு ஆயுதம். அதுவரைக்கும் 2018-ல இருந்து அமல்ல இருக்கிற ஐரோப்பிய தகவல் பாதுகாப்பு சட்டம் இருக்கே, அதை வெச்சு 'என்னைப் பத்தி வெச்சிருக்கிற டேட்டா எல்லாம் குடு, இந்த முடிவை மெஷின் எடுத்ததா சொல்லு'ன்னு கம்பெனிக்கு எழுதுங்க, ஒரு மாசத்துல பதில் வரணும். 2023 ஏப்ரல்ல ஆம்ஸ்டர்டாம் அப்பீல் கோர்ட்ல டாக்ஸி டிரைவர்கள் இதே சட்டத்தை வெச்சுத்தான் ஊபர், ஓலா ரெண்டு பேர் மேலயும் பெரும்பாலும் ஜெயிச்சாங்க. ஆமா, நம்ம ஊர் ஓலாதான்.

அப்போ கமிட்டிக்கு எதுக்கு எழுதணும், சட்டம்தான் வந்துடுச்சேன்னு கேப்பீங்க. பேப்பர்ல வந்ததுக்கும் ரோட்டுக்கு வர்றதுக்கும் நடுவுல நிறைய ஓட்டை இருக்கு தம்பி. கம்பெனி உங்களை நேரா வெச்சுக்காம நடுவுல ஒரு சப்-கான்ட்ராக்டரை சொருகினா யார் பொறுப்பு, மனுஷன் முடிவெடுத்தார்னு காட்ட ஒருத்தர் பட்டனை மட்டும் அமுக்கினா போதுமா, இதெல்லாம் புருசெல்ஸ்ல உக்காந்து யோசிச்சா தெரியாது, ராத்திரி பத்து மணிக்கு சைக்கிள் ஓட்டினவனுக்குத்தான் தெரியும். ஊதுற சங்கை ஊதிவைக்கிறதுன்னு வெச்சுக்கோங்க, விடியும்போது விடியட்டும்.

எழுதும்போது 'அய்யா காப்பாத்துங்க'ன்னு எழுதாதீங்க. அந்த மெம்பர் யாருக்கும் கட்டளை போட முடியாது, உங்க கம்பெனிக்கு போன் பண்ணவும் மாட்டார். ஒரே பக்கம் போதும். எத்தனை மாசம் ஓட்டினீங்க, எந்தத் தேதியில எத்தனை மணிக்கு லாக் ஆச்சு, என்ன வார்த்தையில மெயில் வந்துச்சு, எத்தனை தடவை யாரைக் கூப்பிட்டீங்க, இதே மாதிரி உங்களுக்குத் தெரிஞ்சு எத்தனை பேருக்கு ஆச்சு (பேர் போடாதீங்க, அவங்க விஷயம் அவங்களோடது), கடைசியா எந்த விதி இருந்திருந்தா இது நடந்திருக்காதுன்னு ரெண்டு வரி. அந்தக் கடைசி ரெண்டு வரிதான் அவங்களுக்கு வேணும், அழுகையை கருத்துரையில போட முடியாது, விதியைப் போடலாம். ஜெர்மன்லயோ இங்கிலீஷ்லயோ எழுதுங்க, நேரா புருசெல்ஸுக்கு அனுப்பாம உங்க யூனியன் செக்ரட்டரி கையில குடுங்க, டெலிவரி ஆளுங்களைப் பாக்குறது உணவுத்துறை யூனியன் என்ஜிஜி, அவங்க பத்து இருபது பேரோடதை ஒண்ணா சேர்த்து டிஜிபி வழியா அனுப்பினா அதுக்கு வர்ற மதிப்பு தனி லெட்டருக்கு வராது. யூனியன்ல இன்னும் சேரலன்னா சேருங்க, ஆனா புதுசா சேர்ந்தவங்களுக்கு இலவச வக்கீல் உடனே கிடைக்காது, பொதுவா மூணு மாசம் ஆகணும், அதனால இந்தக் கேஸுக்கு அதை நம்பி இருக்காதீங்க.

கடைசியா ஒண்ணு, ஆப்ல இன்னும் உள்ள போய் ஏதாவது பாக்க முடியுதுன்னா இப்பவே ஸ்கிரீன்ஷாட் எடுங்க, ஷிப்ட் லிஸ்ட், சம்பள சிலிப், ரேட்டிங், சாட் எல்லாம், எடுத்து போன்ல மட்டும் வைக்காம உங்க சொந்த மெயிலுக்கும் அனுப்பி வைங்க.