வாத்தியார் ஏமாந்தால்

வணக்கம். என் அப்பா திருமங்கலம் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர். போன மாதம் சிபிஐ என்று சொல்லி வீடியோ காலில் இரண்டு நாள் உட்காரவைத்து 6 லட்சம் பறித்துவிட்டார்கள். "ஊருக்கே பாடம் எடுத்தீங்க, இது தெரியலையா?" என்று சத்தம் போட்டுவிட்டேன். அதிலிருந்து டீக்கடைக்குக்கூடப் போவதில்லை. செல்போனையும் என்னிடம் கொடுத்துவிட்டார். வெளியே தெரிந்துவிடும், புகார் வேண்டாம் என்கிறார். என்ன செய்ய?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

சிம்மக்கல்லில் இருக்கும் என் சித்தி கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) என்று வந்த அழைப்பில் 40,000 இழந்தார். எட்டு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. தீபாவளிக்குப் போனபோது கழுத்தில் செயின் இல்லை. "அறுந்துபோச்சு, ஆசாரிகிட்ட குடுத்திருக்கேன்" என்றார். நம்பினோம். விஷயம் தெரிந்ததும், "ஓடிபியைப் போய் யாராவது சொல்வாங்களா?" என்று முதலில் கேட்டவன் நான்தான். இன்றும் சிலிண்டர் புக் பண்ண பக்கத்து வீட்டுப் பையனைத்தான் கூப்பிடுகிறார்.

உங்கள் அப்பாவுக்குச் செய்ததுபோல வீடியோ காலிலேயே கைது என்று மிரட்டி உட்காரவைப்பதை டிஜிட்டல் அரெஸ்ட் என்கிறார்கள். சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார். உங்கள் அப்பாவும் கேட்டிருப்பார். ஆனால் அந்தக் கும்பல் படிப்பைத் தொடுவதில்லை, பயத்தைத் தொடுகிறது. அவர்கள் போடும் முதல் உத்தரவே, "கதவைச் சாத்து, வீட்டில் யாரிடமும் சொல்லாதே" என்பதுதான். அவர்கள் போனை வைத்த பிறகும் அந்தக் கதவு திறக்கவில்லை. இந்த முறை சாத்தியது, கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள்.

இன்னொன்று. அந்தப் பக்கம் பேசுகிறவர்களில் சிலரும் மாட்டிக்கொண்டவர்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இந்த வேலையில் கட்டாயமாக அடைத்துவைக்கப்பட்டிருக்கலாம் என்று 2023-இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்னது. கணினி வேலை என்று நம்பிப் போய் மியான்மரில் சிக்கிய நம் தமிழ்ப் பையன்கள் 2022-இல் மீட்கப்பட்டார்கள். மோசடிக்காரனை மன்னிக்கச் சொல்லவில்லை. பணம் போனதோடு இது முடிவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, புகார். உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குச் சொல்லியிருந்தால், பணம் கணக்குக் கணக்காகப் பிரிந்து ஏடிஎம்மில் எடுக்கப்படுவதற்குள் முடக்க வாய்ப்பு இருந்தது. வெட்கத்தில் அந்த நேரம் போய்விட்டது. பரவாயில்லை, இப்போதும் கொடுங்கள். முழுதும் திரும்பும் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

செல்போனை இன்றைக்கே அவர் கையில் கொடுங்கள். சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு அவரோடு போங்கள், பேசுவது அவராக இருக்கட்டும். எந்தக் கணக்குக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று ஏதாவது ஒரு டைரியில் குறித்து வைத்திருப்பார். வாத்தியார் அல்லவா.